ஆங்கிலேயர் இயற்பெயர்கள்: சொற்பொருளும் பெயர்சூட்டு வரலாறும்

தமிழியலுக்குத் தொண்டாற்றிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ், இராபர்ட் கால்டுவெல், ஜார்ஜ் உக்ளோ போப் ஆகியோரின் இயற்பெயர்கள் ஆங்கிலப் பெயர்களாகவே கொள்ளப்படுகின்றன. ஆயின் பிரான்சிஸ் என்பது இடைக்கால இலத்தீன் வழியும், இராபர்ட் என்பது பிராங்கிய மொழி வழியும், ஜார்ஜ் என்பது ‘உழவன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் வழியும் வந்தவை. இவற்றுள் ஒன்றேனும் பழைய ஆங்கிலப் பெயர் அன்று. ஆங்கிலேயர் தம் பழம்பெயர் மரபைப் பெரிதும் கைவிட்டமைக்கான காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழைய ஆங்கிலப் பெயர்கள்

1066ஆம் ஆண்டிற்கு முற்பட்ட ஆங்கிலப் பெயர்களுள் பல இரு சொற்கள் இணைந்த தொகைப் பெயர்களாகும். எட்வர்டு என்பது செல்வம், காவலன் என்னும் சொற்களாலும், எட்மண்டு என்பது செல்வம், பாதுகாப்பு என்னும் சொற்களாலும் ஆனவை. செல்வம், போர் என்னும் சொற்களாலான ஈடித் என்னும் பெண்பாற்பெயரோ ஒருங்கிணைந்த பொருள் தருவதன்று. பெயர்க்கூறுகள் குடி உறவையும் சுட்டின. வெசெக்ஸ் மன்னன் எத்தெல்வுல்ஃபின் மைந்தர் எத்தெல்பால்டு, எத்தெல்பெர்ட், எத்தெல்ரெட் ஆகியோர் பெயர்களில் ‘உயர்குடி’ எனப் பொருள்படும் முற்கூறு தொடர்ந்து வருதல் இதற்குச் சான்றாகும்.

நார்மானியர் ஆட்சி

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் வில்லியம், இராபர்ட், ரிச்சர்டு, ஹென்றி ஆகிய பெயர்கள் பரவின. பழம்பெயர்களை எவ்வாணையும் விலக்கவில்லை. ஏளனமும் உயர்குடியினரைப் பின்பற்றும் விழைவுமே அவற்றை அகற்றின. 1075இல் இங்கிலாந்தில் பிறந்த ஆர்டெரிக் நார்மண்டி மடத்தில் சேர்க்கப்பட்டபோது, அவர்தம் ஆங்கிலப் பெயர் நார்மானியர் செவிக்குக் கடுமையாக ஒலித்தமையால் விட்டாலிஸ் எனப் பெயர் மாற்றப்பெற்றார். முதலாம் ஹென்றி 1100இல் மணந்த ஈடித், மட்டில்டா என்னும் பெயரை ஏற்றார். ஆயினும் ஆங்கிலேய அரசமரபில் வந்த அவரை மணந்தமைக்காக அரசவையினர் அவ்விருவரையும் காட்ரிக், காட்கிவா என்னும் ஆங்கிலப் பெயர்களால் எள்ளினர்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. காட்ரிக் என்பதன் ஈற்றிலும், ஹென்றி என்பதன் ஈற்றிலும், ரிச்சர்டு என்பதன் முதலிலும் அமைவது ஆட்சி, வலிமை ஆகியவற்றைக் குறிக்கும் ஒரே ஜெர்மானிய வேர்ச்சொல்லே. எள்ளப்பட்ட பெயரும் போற்றப்பட்ட பெயரும் ஒரு கிளையின. ஆகவே பெயர்களின் ஏற்றத்தாழ்வை வகுத்தது சொற்பொருளன்று, அரசியல் அதிகாரமே என்பது பெறப்படுகிறது.

சமயத்தின் பங்கு

‘இறைவன் அருளினன்’ எனப் பொருள்படும் எபிரேயப் பெயரின் திரிபாகிய ஜான், ‘இரட்டையர்’ என்னும் அரமேயச் சொல்லினின்று தோன்றிய தாமஸ் ஆகியன திருச்சபை வழிப் பரவின. 1170இல் கொலையுண்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டிற்கு 1173இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டமை அப்பெயருக்கு ஆக்கம் தந்தது. எட்வர்டு என்னும் பழம்பெயர் நிலைபெற்றதும் இவ்வாறே. 1161இல் புனிதராக ஏற்கப்பட்ட மன்னர் எட்வர்டின்பால் பற்றுடைய மூன்றாம் ஹென்றி, 1239இல் பிறந்த தம் மைந்தனுக்கு அப்பெயரைச் சூட்டினார்.

முடிவுரை

ஒரு பெயரின் வேர்ப்பொருளை அறிதல் வேறு. அப்பெயர் சூட்டப்பட்ட காரணத்தை அறிதல் வேறு. முன்னதை மொழியியல் விளக்கும். பின்னதை வரலாறே விளக்கும். வேர்ப்பொருளை மட்டும் கொண்டு ஒரு மக்களினத்தின் விழுமியங்களை வரையறுத்தல் பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும் என்பதை ஆங்கிலேயப் பெயர்களின் வரலாறு தெளிவுறுத்துகிறது.