இரண்டு தடவை சூரியன் உதித்த பயணம்



கட்டுநாயக்கவில் ஏறினால் ஐந்து மணித்தியாலத்தில் கட்டார். ஆனால் கோமாரியிலிருந்து கட்டுநாயக்க போய்ச் சேர ஓர் இரவு முழுக்க பஸ்ஸில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிய நம் வீடுகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். தூரம் வேறு, நேரம் வேறு. இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையிலான விமானப் பாதை அதனால் அறுந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு விழுந்தது. அதே நாள்தான் ஹேர்மஸ் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. யுத்தம் நம் கரைக்கே வந்துவிட்ட காலம் அது.

அறுந்த பாதையை மீண்டும் இணைக்கத் தெரிவானது காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல வாவி. 1943 ஜூலையில் இருந்து குவான்டாஸ் நிறுவனத்தின் கட்டலினா கடல் விமானங்கள் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலிருந்து கொக்கலவுக்குப் பறந்தன. தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். இடையில் எங்கும் இறங்காத பயணம். எடுத்த நேரம் 27 முதல் 33 மணித்தியாலம். இன்றைய ஜெட் விமானம் இதே தூரத்தை ஏழு மணித்தியாலமளவில் கடந்துவிடும்.

பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கணக்கு: 5,650ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான் வரும்!

அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் ஏற்றியதால் மற்றச் சுமையைக் குறைக்க வேண்டியிருந்தது. மூன்று பயணிகளும் 69 கிலோவளவு முக்கிய தபாலும்தான். ஜப்பானியர் கண்காணித்த பகுதியை இருட்டில் கடக்கும்படி புறப்படும் நேரத்தைக் குறித்தார்கள். வானொலியில் பேசத் தடை. நட்சத்திரங்களைப் பார்த்தே திசை பிடித்தார்கள். பயணம் ஒரு நாளைத் தாண்டியதால் விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். நம் கணக்கில் சொன்னால், ஒரே பயணத்தில் இரண்டு சுபஹ். பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியக் கழகம்’ என்ற பெயரில் ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

1945 ஜூலை வரை 271 தடவை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட இழக்கப்படவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாளுக்கு மேலாக, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் கரையில் காத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் காத்திருப்பு நமக்குப் புதிதல்ல. நம் நாட்டு யுத்த காலத்தில் அக்கரைப்பற்றுக்கும் பொத்துவிலுக்கும் இடையே எத்தனை சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறினோம்! வீதியின் நீளம் அன்றும் இன்றும் ஒன்றுதான். அன்று போனவர் வீடு திரும்பும்வரை உம்மாமாருக்கு வாசலை விட்டு எழும்ப மனம் வரவில்லை. இன்று அதே வீதியில் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் பறக்கிறார்கள்.

இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரத்தை மைல்கல் மட்டும் சொல்லிவிடாது. இடையில் அச்சம் நிற்கிறதா, அமைதி நிற்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.