பிரேக்கின் கதை: இராயபுரம் இரயில் முதல் சொகுசுக் கார் வரை

விலை உயர்ந்த சொகுசுக் காரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அது எத்தனை வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த வேகத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் சாலையில் உயிரைக் காப்பது இரண்டாவது கேள்விக்கான விடைதான். அந்த விடை உருவான வரலாற்றை வடசென்னையிலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

விசில் கேட்டுத் திருகிய பிரேக்

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அக்கால இரயில்களில் எல்லாப் பெட்டிகளையும் ஒருசேர நிறுத்தும் பிரேக் கிடையாது. ஓட்டுநர் விசில் அடிப்பார். அதைக் கேட்ட கார்டு தம் பெட்டியிலுள்ள கைப்பிடியைத் திருகுவார். கட்டை சக்கரத்தை அழுத்தும். மற்றப் பெட்டிகள் தம் போக்கில் தள்ளிக்கொண்டே வரும்.

1869 இல் அமெரிக்காவின் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்றழுத்த பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1872 இல் அதைத் தானியங்கி பிரேக்காக மாற்றினார். குழாய் அறுந்தாலும் பிரேக் தானே பிடிக்கும் என்பது இதன் சிறப்பு. எனினும் இது உடனே எங்கும் பரவிவிடவில்லை. 1889 இல் அயர்லாந்தின் ஆர்மா என்னுமிடத்தில், பிரிக்கப்பட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு மற்றொரு இரயிலில் மோதின. 80 பேர் மாண்டனர். அதன் பிறகே பிரிட்டனில் பயணிகள் இரயில் முழுவதற்கும் தொடர் பிரேக் கட்டாயம் ஆயிற்று.

கால்ட்டன் கண்ட உண்மை

இதற்கிடையே 1878 இல் டக்ளஸ் கால்ட்டன் என்னும் பொறியாளர், வெஸ்டிங்ஹவுஸின் துணையுடன் இங்கிலாந்தின் பிரைட்டன் பாதையில் சோதனைகள் நடத்தினார். பிரேக்கை மிக இறுக்கினால் இரயில் விரைவில் நிற்கும் என்றுதானே நாம் நினைப்போம்? சோதனை வேறு விதமாகச் சொன்னது. சக்கரம் முற்றிலும் பூட்டிக்கொண்டு தண்டவாளத்தில் வழுக்கத் தொடங்கியதும், நிறுத்தும் விசை குறைந்துவிட்டது. உருளும் சக்கரம் நன்றாக நிறுத்துகிறது. வழுக்கும் சக்கரம் நிறுத்தத் தவறுகிறது. இன்றைய சொகுசுக் காரின் பிரேக் நுட்பத்துக்கு அடிப்படையான உண்மை இதுவே.

சாலைக்கு வந்த பிரேக்

தொடக்ககாலக் கார்களில் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே பிரேக் இருந்தது. வண்டி வேகம் குறையும்போது எடை முன்பக்கம் சாய்கிறது. எனவே சாலையை நன்கு பற்றக்கூடியவை முன் சக்கரங்களே. அவற்றைப் பயன்படுத்தாத பிரேக் பாதி பிரேக்கைவிடக் குறைவு. 1921 இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களிலும் நீர்ம அழுத்த பிரேக்குடன் வந்தது. ஓரிடத்தில் தரும் அழுத்தம் நீர்மத்தில் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதியே இதன் அடிப்படை.

1948 இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களின் பாகங்களைப் பொருத்தி விற்றது. ஏ-40 வரிசையின் டெவன் மாதிரியில் முன் சக்கரங்களுக்கு நீர்ம அழுத்த பிரேக். பின் சக்கரங்களுக்குக் கம்பிகளால் இயங்கும் பிரேக். பழையதும் புதியதும் ஒரே வண்டியில் இருந்தன! 1955 இல் அந்நிறுவனம் அசோக் லேலண்ட் ஆகி, லாரி, பஸ் தயாரிப்பில் நிலைத்தது.

வெப்பம் எங்கே போகிறது?

பிரேக்கின் வேலை இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவது. 2,000 கிலோகிராம் எடையுள்ள சொகுசுக் கார் வினாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது எனக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 9 இலட்சம் ஜூல். மூன்று லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இவ்வளவு வெப்பம் தேவை. அத்தனையும் சில வினாடிகளில் பிரேக்கில் இறங்குகிறது. மூடிய டிரம்முக்குள் வெப்பம் தேங்கினால் பிடிப்பு தளரும். காற்றுப் படும்படி சுழலும் டிஸ்க் விரைவில் குளிரும். 1953 இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார்கள் வென்றது இதை உலகுக்கு உணர்த்தியது.

1978 இல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில், பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளப் போவதை உணர்ந்து, அழுத்தத்தை வினாடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்குவதே இதன் வேலை. கால்ட்டன் கண்ட உண்மைக்குச் சரியாக நூறாண்டு கழித்து மின்னணுவியல் துணை வந்தது. சொகுசுக் கார்களில் தொடங்கிய இவ்வசதி, 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களுக்குக் கட்டாயம் ஆயிற்று.

நீங்களே கணக்கிடுங்கள்

நிற்கும் தொலைவு = வேகத்தின் இருமடி ÷ (2 × உராய்வுக் கெழு × புவியீர்ப்பு முடுக்கம்). இச்சூத்திரத்தில் எடை இல்லை, விலையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.8 என்றும், புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றும் கொள்வோம். மணிக்கு 36 கிலோமீட்டரில் (வினாடிக்கு 10 மீட்டர்) 6.25 மீட்டர், 72 கிலோமீட்டரில் 25 மீட்டர். வேகம் இருமடங்கு, தொலைவு நான்கு மடங்கு! மழையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் அந்த 25 மீட்டர் 50 ஆகிவிடும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கில் படுவதற்குள் ஒரு வினாடி கழிகிறது; அதற்கு மேலும் 20 மீட்டர். ஆக மொத்தம் 70 மீட்டர்.

நல்ல டயர் கொண்ட இன்றைய சொகுசுக் கார், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 35 முதல் 40 மீட்டரில் நிற்கும். சரக்கேற்றிய டிரெய்லருக்கு இது இயலாது. அதன் டயர் ரப்பர் கடினமானது. நீண்ட குழாய்களில் காற்றழுத்தம் சென்று சேரவும் நேரம் பிடிக்கும். பிரேக்கில் இறங்கும் வெப்பமோ பல மடங்கு. துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளும், சைக்கிள்களும், ஸ்கூட்டர்களும் ஒரே சாலையில் செல்லும் திருவொற்றியூர், எண்ணூர் போன்ற இடங்களில் இது வெறும் பாடக் கணக்கு அன்று. லாரிக்கு முன்னே சட்டென வளைந்து நுழையும் ஸ்கூட்டர்காரர், லாரி நிற்பதற்குத் தேவையான தொலைவையே பறித்துக்கொள்கிறார். ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலியானாலும் அந்த மீட்டர்களைத் திருப்பித் தர அவரால் முடியாது.

ஒன்றரை நூற்றாண்டில் பிரேக் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் இறுதியில் வண்டியை நிறுத்துவது, ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பர்தான். அதன் பட்டைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று இன்றே உங்கள் வண்டியில் பாருங்கள். மழை நாளில் வேகத்தைப் பாதியாக்குங்கள். பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவு கால் பங்காகும்.