பதினோரு வயசுப் பரீட்சை

லண்டன் பக்கம் இருக்கும் என் பெரியம்மா மகள் போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். மேஜை நிறையப் பயிற்சிப் புத்தகங்கள். "தம்பி, இதுல எதை மொதல்ல போடச் சொல்றது?" பையனுக்கு ஒன்பது வயசு. கிராமர் ஸ்கூலில் சேர 'லெவன் பிளஸ்' எழுதணுமாம். பி.காம். படிக்கிற எனக்கு என்ன தெரியும்? தேடப்போய், புத்தகத்தை விட்டுவிட்டு அந்தப் பரீட்சையின் சரித்திரத்தில் விழுந்துவிட்டேன்.

பட்லர் கொண்டுவந்த 1944 கல்விச் சட்டத்தால் அங்கே அரசுப் பள்ளிகளில் உயர்நிலைப் படிப்பு இலவசமானது. கூடவே பிள்ளைகளைப் பதினோரு வயதில் பிரிக்கும் வழக்கமும் நிலைத்தது. தேறியவர்கள் கிராமர் ஸ்கூலுக்கு, மீதிப் பேரில் பெரும்பாலோர் செகண்டரி மாடர்னுக்கு. வேடிக்கை என்னவென்றால், இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை!

இந்தத் தேர்வுக்கு அடிப்படை அதற்கும் முந்தியது. காட்ஃப்ரே தாம்சன் என்பவர் 1921-ல் நார்தம்பர்லாந்துக்காக ஒரு அறிவுத்திறன் தேர்வைத் தயாரித்தார். நல்ல வாத்தியார் கிடைக்காத கிராமத்துப் பள்ளியில் ஒளிந்திருக்கும் கெட்டிக்காரக் குழந்தையைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். பிறகு எடின்பரோவின் மோரே ஹவுஸில் இருந்து அவர் குழு தயாரித்த தாள்களைப் பல மாவட்டங்கள் வாங்கிப் பயன்படுத்தின. பாடம் கேட்டால்தானே டியூஷன் வைக்க முடியும், மூளையைக் கேட்டால்? இதுதான் அன்றைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை ரொம்ப நாள் தாங்கவில்லை. 1950-களில் பிலிப் வெர்னன் என்ற உளவியலாளர், பயிற்சி கொடுத்தால் மதிப்பெண் ஏறுகிறது என்று பகிரங்கமாகவே எழுதினார். எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொரு விஷயம்: அந்த ஏற்றம் முதல் சில மணி நேரப் பயிற்சியிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது, அப்புறம் தேங்கிவிடுகிறது. அக்காவின் மேஜையை நினைத்துக்கொண்டேன்.

1965-ல் லேபர் அரசு, இந்தப் பிரிவினையைக் கைவிடச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. பெரும்பாலான இடங்களில் தேர்வு போய்விட்டது. இன்று இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பது 163 கிராமர் பள்ளிகள். இடம் குறைவு, போட்டி அதிகம், புத்தகக் கடைக்குக் கொண்டாட்டம். (எங்கள் வகுப்பில் டிமாண்ட்-சப்ளைக்கு இதைவிட நல்ல உதாரணம் யாரும் சொன்னதில்லை.)

டியூஷனால் வளைக்க முடியாத தேர்வு வேண்டுமென்று பக்கிங்ஹாம்ஷயர் 2013-ல் டர்ஹாம் பல்கலைக்கழக மையத்தின் தாளுக்கு மாறியது. நடந்தது என்ன? அந்தத் தாளுக்கென்றே தனிப் பயிற்சிப் புத்தகங்கள் அலமாரிக்கு வந்தன! சில வருடங்களில் மாவட்டம் ஜி.எல். நிறுவனத்தின் தாளுக்கே திரும்பிவிட்டது.

கடைசியில் அக்காவுக்கு நான் சொன்னது இதுதான். முதலில் அந்தப் பள்ளிக்குத் தாள் தயாரிப்பது யார் என்று கேள். டர்ஹாம் தாளுக்கென்று போட்ட பழைய புத்தகம் ஜி.எல். தேர்வுக்கு அவ்வளவாக உதவாது. ஜி.எல். என்றால் அவர்களே இலவசமாகத் தரும் மாதிரித் தாளை, கடிகாரம் வைத்து ஒருமுறை எழுதச் சொல். எங்கே தடுக்கிறான் என்று பார்த்துவிட்டு, தவறான விடை ஏன் தவறு என்று விளக்குகிற புத்தகமாக ஒன்றிரண்டை வைத்துக்கொள்.

மீதியைத் திருப்பி அனுப்பப்போகிறாளாம். அத்தான்தான் சம்மதிக்கவில்லை, "எதுக்கும் இருக்கட்டும்" என்கிறாராம்.