பதினொன்று பதினான்கான கதை



தோட்டப் பள்ளித் திடலில் பிள்ளைகள் வரிசையாக நின்று கொடிக்கு வணக்கம் செலுத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கொடியில் எத்தனை கோடுகள் என்று கேட்டால், நான்காம் ஆண்டுப் பிள்ளைகூட 14 என்று சொல்லிவிடும். ஏன் 14 என்று கேட்டால்தான் பெரியவர்களும் சற்றுத் தயங்குகிறோம். நாட்டில் மாநிலங்கள் 13தானே! இந்தக் கணக்கு வந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1895இல் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்களை ஆங்கிலேயர் ஒன்றாக இணைத்தார்கள். அந்தக் கூட்டுக்கு ஒரு கொடி இருந்தது. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பட்டைகள். நடுவே முட்டை வடிவத்துக்குள் பாய்கின்ற புலி. நிறங்கள் எல்லாம் அந்த நான்கு மாநிலக் கொடிகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. இந்த நான்கு மாநிலங்களின் பணத்தில்தான் 'மலாயா' என்னும் போர்க்கப்பல் கட்டப்பட்டு பிரிட்டனுக்கு அன்பளிப்பாகப் போனது. 1916இல் அது ஜட்லாந்து கடற்போரில் சண்டையிட்டது. அன்றைய அரசின் வருமானம் பெரும்பாலும் ஈயத்திலும் ரப்பரிலும் வந்தது. ஆகவே அந்தக் கப்பலில் நம் பாட்டன்மார் வெட்டிய பால்மரத்துக்கும் பங்கு உண்டு என்று நான் சொல்வதுண்டு.

ஆனால் அது மலாயா முழுவதற்கும் உரிய கொடி அன்று. ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகியவை தத்தம் கொடிகளோடு தனித்தே இருந்தன. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரோடு சேர்ந்து நேரடி ஆங்கில ஆட்சியில் இருந்தன. போர் முடிந்த பின், 1948 பிப்ரவரி 1ஆம் தேதி மலாயாக் கூட்டரசு பிறந்தது. ஒன்பது மலாய் மாநிலங்கள், பினாங்கு, மலாக்கா, ஆக மொத்தம் 11. சிங்கப்பூர் வெளியே நின்றது.

புதிய கூட்டரசுக்குக் கொடி வேண்டும் என்று 1949இல் போட்டி வைத்தார்கள். 373 வரைபடங்கள் வந்தன. அவற்றில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டார்கள். இரண்டில் கிரிஸ் கத்திகளும் நட்சத்திரங்களும் இருந்தன. மக்கள் விரும்பியதோ மூன்றாவதை. அதை வரைந்தவர் முகமது ஹம்சா, ஜொகூர் பாருவில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த இளைஞர். அவர் முதலில் வரைந்தபோது கோடுகள் நீலமும் வெள்ளையுமாக, மூலை சிவப்பாக இருந்தது. நட்சத்திரத்துக்கு ஐந்தே முனைகள். அப்போது ஜொகூர் மந்திரி பெசாராக இருந்த டத்தோ ஓன் ஜாஃபார் அவரை அழைத்துப் பேசிய பின் நிறங்கள் இடம் மாறின. நட்சத்திரம் 11 முனைகள் பெற்றது. 1950 மே 26ஆம் தேதி சிலாங்கூர் சுல்தானின் அரண்மனை முன்பு அக்கொடி முதன்முதலாக ஏறியது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மாநிலங்களை ஒன்றுவிடாமல் எண்ணிக் கோடு போட்ட அந்தக் காலத்தில், தோட்டத்து மக்கள் பலர் இந்த நாட்டின் குடிமக்களாக எண்ணப்படவில்லை. 1948இன் குடியுரிமை விதிகள் கடுமையானவை. 1957இல் சுதந்திரத்தோடு விதிகள் தளர்ந்தன. விண்ணப்பம் செய்தவர்கள் நீல அடையாளக் கார்டு பெற்றார்கள். பாரம் நிரப்பத் தெரியாதவர்களும், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்களும் சிவப்புக் கார்டோடு நின்றார்கள். 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, எத்தனையோ குடும்பங்கள் தாங்கள் வளர்த்த மரங்களை விட்டுவிட்டுக் கப்பலேறின. பிறப்புப் பத்திரத்தை நான் வலியுறுத்திக் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

கொடிக்கு வருவோம். 1963 செப்டம்பர் 16ஆம் தேதி சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகிய மூன்றும் சேர்ந்து மலேசியா உருவானது. கோடுகளும் நட்சத்திர முனைகளும் 11இலிருந்து 14 ஆயின. பழைய படம் ஏதாவது உங்கள் கையில் கிடைத்தால் கொடியின் அடிக்கோட்டைப் பாருங்கள். 11 கோட்டுக் கொடியில் மேலும் சிவப்பு, கீழும் சிவப்பு. 14 கோட்டுக் கொடியில் அடிக்கோடு வெள்ளை.

இரண்டே ஆண்டுகளில், 1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி, சிங்கப்பூர் பிரிந்து சென்றது. கோட்டை அழிக்கவில்லை, முனையை வெட்டவில்லை. கொடியைத் திருத்தாமல் அதன் பொருளைத் திருத்திக்கொண்டார்கள். 1974 பிப்ரவரி 1ஆம் தேதி கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனபோது பதினான்காவது கோடு அதற்கு உரியதாயிற்று. பின்னர் லாபுவானும் புத்ராஜெயாவும் அவ்வாறே ஆயின. இன்று அந்தக் கோடு கூட்டரசு அரசாங்கத்தைக் குறிக்கிறது. நீல மூலையின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் காமன்வெல்த் உறவைக் குறித்த அந்த நீலம், இன்று மக்களின் ஒற்றுமையைக் குறிக்கிறது. மஞ்சள் மட்டும் அன்றும் இன்றும் அரச நிறம்தான்.

1997 ஆகஸ்ட் 31ஆம் தேதிதான் இக்கொடிக்கு 'ஜாலூர் கெமிலாங்' என்ற பெயர் வந்தது. ஒளிவீசும் கோடுகள் என்று பொருள் கொள்ளலாம். அதற்கு முந்திய 47 ஆண்டுகளும் நம் மக்களுக்கு அது வெறும் கொடிதான்.