வடத்தின் நடுநார்

கோலார் தங்கவயலின் வரலாறு பொன்னின் எடைக் கணக்காகவும் பாறைவெடிப்பில் மாண்டவர்களின் தலைக் கணக்காகவுமே பெரிதும் எழுதப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பொன்னையும் அந்த மனிதர்களையும் ஏற்றி இறக்கிய வடத்துக்கு அதில் கிடைத்த இடம் மிகச் சிறிது. 1880இல் தொடங்கப்பட்ட ஊரிகம் கம்பெனியும், ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வகித்த அண்டைச் சுரங்கங்களும் தங்கக்கல் ஓடிய சரிவைத் தொடர்ந்து ஆண்டுக்காண்டு கீழே இறங்க, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து லைன் வீடுகளில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர்கள் ஒவ்வொரு ஷிப்டிலும் கூண்டேறி அந்த ஆழத்துக்குப் போய்வந்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அந்த ஆழம் 3 கிலோமீட்டரைக் கடந்தது. வடம் நீள நீள அதன் சொந்தப் பாரமே கூண்டின் பாரத்தை மிஞ்சிவிடும் என்பதால், இறக்கம் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, மேலிருந்து வந்த குழி நின்ற மட்டத்திலிருந்து அடுத்த குழி தோண்டப்பட்டது.

ஐரோப்பியச் சுரங்கங்களில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வடம் என்றால் கஞ்சாச் செடியின் தண்டிலிருந்து உரித்த ஹெம்ப் நாரில் திரித்த கயிறு, இல்லையேல் இரும்புச் சங்கிலி. கயிறு ஈரத்தில் இற்றது. சங்கிலியோ ஒரு கண்ணி போனால் முழுவதும் போனது. 1834இல் ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில், கிளவுஸ்தால் வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பொறுப்பாயிருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், இரும்புக் கம்பிகளையே கயிறுபோல முறுக்கி இந்த இரண்டு தொல்லைகளுக்கும் ஒரு வழி கண்டார். அவருடைய வடத்தில் நாருக்கு இடமில்லை. ஆனால் 1840இல் இங்கிலாந்தில் ராபர்ட் நியூவால் காப்புரிமை பெற்ற கம்பிவடத்தில் நார் திரும்பி வந்தது, இம்முறை வெளியே தெரியாமல், நடுவில்.

அத்தகைய வடத்தைக் குறுக்கே வெட்டினால், பல கம்பிகள் முறுக்கிய ஆறு புரிகள் வட்டமாக நிற்பதையும், அவற்றின் மத்தியில் எண்ணெயில் ஊறிக் கறுத்த ஹெம்ப் நாரோ கற்றாழை வகையான சிசல் நாரோ திரண்டிருப்பதையும் காணலாம். வடம் கப்பியில் வளையும்போதெல்லாம் புரிகள் ஒன்றையொன்று நெருக்கி உராய, நடுநார் மெத்தைபோல அமுங்கி அவற்றைத் தத்தம் இடத்தில் நிறுத்துவதோடு, பிழிபட்டுத் தன் எண்ணெயைக் கம்பிகளுக்கிடையே கசியவும் விடுகிறது. வடத்தின் பலத்தைக் கணக்கிடும்போது இந்த நாரின் பங்கு பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. எஃகு வந்து நாரைத் துரத்திவிட்டது என்று எழுதும் தொழில்நுட்ப வரலாறுகள் இங்கே சற்று அவசரப்படுகின்றன. பாரம் சுமக்கும் வேலையை எஃகிடம் விட்ட நார், சுமப்பவற்றின் இடைவெளியைக் காக்கும் வேலையை எடுத்துக்கொண்டது என்பதே சரி.

அதே வேலை பின்னாளில் பசைக்குள்ளும் அதற்கு வாய்த்தது. இழை வலுவூட்டிய பிளாஸ்டிக் என்பது கண்ணாடி இழையாலோ கார்பன் இழையாலோ ஆன துணிகளை அடுக்கி, எபாக்சி போன்ற பிசினால் ஒட்டி இறுகச் செய்த பொருள். 1930களில் இங்கிலாந்தில் நார்மன் டி புருய்ன் ஆளிச்செடி நூலைப் பீனால் பிசினில் தோய்த்து விமானப் பாகங்களுக்கான பொருளைச் செய்தபோது, தாவர நாரே அங்கு பாரந்தாங்கியாக இருந்தது; பின்னர் கண்ணாடியும் கார்பனும் அந்த இடத்தைப் பிடித்தன. ஆனால் அவை எவ்வளவு வலுவானவையாயினும், அடுக்குகளுக்கு இடையே இருப்பது வெறும் பிசின்தான். அடிபட்டாலோ பலகாலம் அதிர்ந்தாலோ விரிசல் முதலில் அதிலேயே ஓடி, அடுக்குகள் ஏடு ஏடாகப் பிரிகின்றன.

அந்த விரிசலின் குறுக்கே நிற்பதற்குத் தாவர நானோ இழை தேடப்பட்டது. செடியின் செல்சுவரில் செல்லுலோஸ் மூலக்கூறுகள் கட்டுக்கட்டாக அமைந்துள்ளன. ஒரு கட்டின் தடிமன் சில நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பகுத்தால் அதில் சில கூறுகள். அடர்த்தியில் அது எஃகின் ஐந்தில் ஒரு பங்குதான். 1983இல் டர்பக்கும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறையில், மரக்கூழ், பாலை ஒருசீராக்கும் வகை இயந்திரத்திலேயே அதிக அழுத்தத்தில் செலுத்தப்பட்டு நுண்ணிழைகளாகப் பிரிக்கப்பட்டது. 2006இல் டோக்கியோவின் சைட்டோ, இசோகாய் ஆகியோர் வேதிமுறையில் அதை இன்னும் எளிதாக்கினர். கோட்டயத்தின் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் அன்னாசி இலை நாரே நீராவியின் வேகத்தில் சிதைக்கப்பட்டு நானோ இழையாயிற்று. ஜப்பானின் தோஷிஷா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்வகை நுண்ணிழையைக் கார்பன் துணியை ஒட்டும் எபாக்சியில் சிறிதளவு கலந்து சோதித்தனர். வலையாகப் பரவிய நுண்ணிழை, விரிசலின் இரு கரைகளையும் பிடித்து நிறுத்துகிறது.

சிறிதளவு என்பதற்குக் காரணம் உண்டு. அளவு மிஞ்சினால் பிசின் கூழாகித் துணிக்குள் இறங்க மறுக்கிறது. மேலும் செல்லுலோஸ் நீரை விரும்பும் பொருள், எபாக்சி அப்படியன்று; ஆகவே இழை மிதக்கும் நீரைப் படிப்படியாக நீக்கி அசிட்டோனை ஏற்றிய பிறகே பெரும்பாலும் அதைப் பிசினில் கலக்கிறார்கள். ஈரத்தோடுள்ள இந்தப் பழைய உறவு சுரங்க வடத்திலும் தீராத தொல்லைதான். குழியில் கசியும் நீர் நடுநாரை எட்டினால், வெளிக்கம்பி பளபளப்பாக இருக்கும்போதே வடம் உள்ளிருந்து துருவேறும். அதனால்தான் குறித்த காலத்துக்கு ஒருமுறை கூண்டுப் பக்கத்து நுனியை வெட்டி, வெட்டிய துண்டின் புரிகளைப் பிரித்து, நார் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கிறதா, நீரேறி நைந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.