நியூயார்க் பொது நூலகம்: பெருந்தொற்றுக் காலச் சேவைகள்

1895இல் நிறுவப்பட்ட நியூயார்க் பொது நூலகம், கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் கிளைகளை மூடியபின் வாசகருக்கு மாற்றுச் சேவைகளை அளித்தது. மன்ஹாட்டன், பிராங்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகியவை இந்நூலகத்தின் சேவைப் பகுதிகள். மின்னூல் இரவலும் புதிய உறுப்பினர் அட்டையும் ‘சிம்ப்ளிஇ’ செயலிவழி கிடைத்தன. சிறார் கதைநேரம் இணையத்துக்கு மாறியது. வீட்டில் இணையம் இல்லாதோர்க்கு இவை எட்டாதது பெருங்குறை. மே மாதம் வெளியான ‘மிஸ்ஸிங் சவுண்ட்ஸ் ஆஃப் நியூயார்க்’ ஒலித்தொகுப்பு, நூலகத்தின் மெல்லிய சலசலப்பு உள்ளிட்ட நகரின் அன்றாட ஓசைகளை வீட்டில் அடைபட்டோருக்கு மீட்டளித்தது; நூல் வழங்கலைத் தாண்டிய இம்முயற்சி தனிக் கவனத்துக்குரியது. ஜூலை 13 முதல் எட்டுக் கிளைகளில், முன்பதிவு செய்த நூல்களை மட்டும் பெற்றுச்செல்ல முடிந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்ட தாமதக் கட்டணம் 2021 அக்டோபரில் அடியோடு நீக்கப்பட்டது.