காரணக் கட்டத்தில் எழுதியவர்கள்

மன்னார்புரம் முனையில் ராத்திரி ரெண்டு மணிக்கு டீ குடித்துக் கண் விழிக்கிற லாரி டிரைவரை யாரும் போதை அடிமை என்பதில்லை. அதே விழிப்பை அவர் ஆம்பெட்டமின் மாத்திரையில் தேடினால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் குறுக்கே வரும். அவர் உடம்பு சோதனைக்குரிய பொருளாகிவிடும். டீயும் மாத்திரையும் ஒன்றல்லதான். ஆனால் 'அடிமை'யின் உடம்பில் ஒரு குறி இருக்கும், அதைத் தேடிப் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு.

1893இல் காலனி அரசு கஞ்சா விசாரணைக் குழுவை அமைத்தது. கஞ்சா கொக்கைனைப் போன்ற ஊக்கப்பொருள் அல்ல. கேள்வி மட்டும் இதேதான். மனநோய் விடுதிகளின் பதிவேட்டில் 1892இல் மட்டும் 222 பேர் கஞ்சாவால் புத்தி பேதலித்தவர்கள். குழு ஒவ்வொரு கேஸாகக் கிளறியது. வேறு காரணங்கள் கலந்தவற்றைச் சேர்த்தும் நின்றவை 98தான். மற்றவை? ஆளைப் பிடித்து வந்த போலீஸ்காரர் 'காரணம்' என்ற கட்டத்தை நிரப்பியாக வேண்டும். கஞ்சா என்று எழுதினார். அதுவே மருத்துவரின் பதிவேட்டிலும் ஏறியது. கல்கத்தாவில் டி. டி. கன்னிங்ஹாம் ஒரு குரங்குக்கு மாதக்கணக்கில் கஞ்சாப் புகை கொடுத்து மூளையைத் திறந்து பார்த்தார். குறி எதுவும் அகப்படவில்லை.

பின்னாளில், மூளையைத் திறக்காமலே பார்க்கும் பெட் ஸ்கேன் வந்தது. 1993இல் நோரா வோல்கோவ் குழுவினர், கொக்கைன் பழகியவர்களிடம் டோபமைன் டி2 ஏற்பிகள் குறைவாகத் தென்படுவதைக் காட்டினர். குறி கிடைத்துவிட்டது என்று தோன்றியது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மறுபடி குரங்கிடம் போனது. தனிக் கூண்டுகளில் இருந்தவரை ஏற்பிகளில் வித்தியாசமில்லை. கூட்டமாக விட்டதும் மேல்நிலை பிடித்த குரங்குகளுக்கு ஏற்பி கூடியது. கீழே தள்ளப்பட்டவையே கொக்கைனை அதிகம் நாடின.

குரங்கிலிருந்து மனிதருக்கு நேரே தாவ முடியாது. ஆனாலும் பிறவிக் குறி என்று நாம் படிப்பது, அதிகாரப் படிநிலை உடம்பின் மேல் எழுதியதாகவும் இருக்கலாம். இன்றுவரை அடிமை நிலையை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனையோ மூளைப் படமோ மருத்துவ நடைமுறையில் இல்லை. சிறுநீர்ச் சோதனை, எடுத்துக்கொண்டதைச் சொல்லும். ஏன் விட முடியவில்லை என்பதைச் சொல்லாது.

ஆய்வே வேண்டாம் என்பதல்ல. சிகிச்சைக்கு உதவுகிற குறி கிடைத்தால் நல்லதுதான். அது முதலில் யார் கைக்குப் போகும், டாக்டர் கைக்கா, போலீஸ் கைக்கா என்பதே நம் கேள்வி. டிரைவரைத் தூங்க விடாத வேலைநேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.